காவலாள் திருப்பித் தந்த பக்கம்

கொம்பியூட்டருக்குள் பேய் இருக்கிறது என்று சொல்லி யாராவது என்னைக் கூப்பிட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பேய்க்கு வேறு வேலை இல்லையா? யாழ்ப்பாணத்தில் மூன்று வருடமாகக் கரண்ட் இல்லை. இருக்கிற நாலைந்து கொம்பியூட்டரும் ஜெனறேற்றரில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தான் ஓடுகின்றன. அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக ஒரு பேய் மினக்கெட்டு வந்து காத்திருக்குமா என்று, செய்தி கொண்டுவந்த மனிதரிடமே கேட்டேன். அவர் "எனக்கென்ன தெரியும், மரியரட்ணம் ஐயா சொல்லிவிட்டவர்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

அது 1993 பங்குனி, அதாவது மார்ச் மாதத்தின் கடைசி நாள், புதன்கிழமை. வட்டுக்கோட்டையிலிருந்து கோப்பாய்க்கு நானும் சைக்கிளில்தான் போனேன். மரியரட்ணம் ஐயா ஓய்வுபெற்ற தபாலதிபர். கனடாவுக்குப் போன ஒருவரின் வீட்டு முன்னறையில் 'படகுப் பயணிகள் தேடற் பதிவகம்' என்று பலகை மாட்டியிருந்தார். கிளாலிக் கடலால் படகேறி, அக்கரை போய்ச் சேராதவர்களின் பெயர்களைத் திரட்டுவதுதான் அங்கே வேலை. ஒரு படகுக்கு ஒரு பக்கம். அக்கரையில் கரையொதுங்கிய உடல்களைப் பற்றி அங்குள்ளவர்கள் அடையாளங்களைக் குறித்துக் கடிதம் அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, 'காணாமற்போனவர்' என்று இருப்பதை 'இறந்தவர்' என்று மாற்றுவார்கள். சனிக்கிழமைதோறும் பட்டியலை அச்சடித்துக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவர்களில் ஒட்டுவார்கள்.

தாளுக்கு அப்போது பெரிய தட்டுப்பாடு. குறிப்புகளைப் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, கொம்பியூட்டரில் ஏற்றியதும் இறப்பரால் அழித்துவிட்டு, அதே தாளில் அடுத்த ஆளின் விபரத்தை எழுதினார்கள். அக்கரைக் கடிதமும் ஒரே பிரதிதான். வாசித்த அன்றைக்கே, அங்குள்ளவர்களும் பார்ப்பதற்காகப் பருத்தித்துறைக்குப் போய்விடும். ஆகவே யார் இருக்கிறார், யார் இல்லை என்பதற்கு அந்தக் கொம்பியூட்டரை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஜெனறேற்றர் ஓடும்போது, குண்டு போடும் பொம்பர் விமானம் வரும் சத்தம் கேட்காது. அதனால் மெல்லிய சந்தேகம் வந்தாலும் ஓடிப்போய் ஜெனறேற்றரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதுதான் எங்கள் எல்லோருடைய வழக்கம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவர்களும் அப்படித்தான் செய்வார்கள். மனிதருக்கு அது நல்லது, கொம்பியூட்டருக்குக் கூடாது. அரைவாசி அடித்த பக்கம் அப்படியே போய்விடும். அதற்காகப் போன வருடம் நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 'காவலாள்' என்று பெயர். அது பின்னால் சத்தமில்லாமல் கிடந்து, வேலை நடக்கிற பக்கத்தை நிமிடத்துக்கொரு தடவை பிரதி எடுத்து வைக்கும். கரண்ட் திடீரென்று நின்றால், அடுத்த முறை கொம்பியூட்டர் எழும்பும்போது அந்தக் கடைசிப் பிரதியைத் திருப்பி வைத்துவிடும். அந்தக் காவலாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மறைக்க மாட்டேன்.

"வாரும் மாஸ்ரர், வாரும்," என்றார் மரியரட்ணம் ஐயா. "உந்த மெஷினுக்கு என்ன பிடிச்சதோ தெரியேல்லை. எல்லாப் பக்கமும் தமிழிலை இருக்க, ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப இங்கிலீசுக்கு மாறுது. போன சனிக்கிழமை அப்பிடியே அச்சாகிப் போச்சு. ஒட்டப் போன மனிசன் திருப்பிக் கொண்டந்து தந்திட்டார்."

"தமிழோ? இதிலை தமிழ் எப்ப வந்தது?"

"என்ரை மருமோன் கொழும்பிலையிருந்து ஒரு பிளொப்பி கொண்டந்து போட்டவன். மூண்டு கிழமையாகுது. சனம் தங்கடை மொழியிலை வாசிக்கோணுமல்லோ."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னிடம் ஒரு சொல் கேட்காமல், என் காவலாள் இருக்கிற இடத்தில் இன்னொரு புரோகிராமைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள். ஆனால் ஐயாவின் முகத்தைப் பார்த்தால் ஏசவும் மனம் வராது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, என்னையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டிருந்தார். கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டுவதும், அடிப்பதும், அச்செடுப்பதும் குணலட்சுமிதான். ஐயா ஒன்றை மட்டும் விடமாட்டார். கடிதத்தில் எத்தனை உடல் என்று மனதில் குறித்து வைத்து, சனிக்கிழமை எத்தனை 'இறந்தவர்' ஏறியது என்று கேட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பார்.

குணலட்சுமிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொம்பியூட்டரிலிருந்து நாலு முழம் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் மாறுது, தங்கச்சி?"

"நாப்பத்தோராம் படகு."

ஐயா குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படகிலைதான் உவவின்ரை அண்ணையும் போனவர். மார்க்கண்டு எண்டு பேர். இன்னும் ஒரு தகவலும் இல்லை. அதுதான் பிள்ளை பயந்து போய் நிக்குது."

ஜெனறேற்றரில் இரண்டு துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி, மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். நாற்பத்தோராம் படகின் பக்கத்தைத் திறந்தேன். ஏழு பெயர்களும் தமிழில் ஒழுங்காக இருந்தன. படகோட்டி பரமலிங்கம், தொண்டைமானாறு, இறந்தவர். மற்ற ஆறு பேருக்கும் நேரே காணாமற்போனவர் என்று இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் மார்க்கண்டு.

"நல்லாத்தானே கிடக்குது?"

"ரெண்டு நாளாப் பொம்பர் வரேல்லை, மாஸ்ரர்," என்றாள் குணலட்சுமி. "பொம்பர் வந்து போனாப் பிறகுதான் உது மாறும். மெஷினைத் திருப்பிப் போட உள்ளுக்கை கறகற எண்டு ஒரு சத்தம் வரும். அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள்ளை வாற சத்தம் மாதிரி. பேந்து பார்த்தால் பக்கம் மாறியிருக்கும். பொம்பர் வாற நாளெல்லாம் அண்ணையும் வாறார்."

"விசர்க்கதை கதையாதையும்," என்றேன்.

பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பின்பக்கம் போய், நானே ஜெனறேற்றரை நிறுத்தினேன். பிறகு மறுபடி தொடக்கிவிட்டு வந்து கொம்பியூட்டரைப் போட்டேன். அவள் சொன்ன சத்தம் வந்தது. டிஸ்க் சுழலும் சத்தம்தான், எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவள் சொல்லி வைத்ததனால் என் காதிலும் அது படலைக்குள் சைக்கிள் வருவது போலவே கேட்டது. பக்கம் விரிந்தது. ஏழு பெயர்களும் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் பச்சையாக நின்றன. ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் ஒற்றை எழுத்து. தமிழ் வருவதற்கு முன் அவர்கள் காணாமற்போனவருக்கு 'எம்' என்றும் இறந்தவருக்கு 'டி' என்றும் போடுவது வழக்கம். எனக்கு முதுகு குளிர்ந்தது. அதை ஒப்புக்கொள்வதற்கு வெட்கமாக இருந்ததால் தொண்டையைச் செருமினேன்.

குணலட்சுமி ஓடிவந்து கீபோர்ட்டில் கை வைத்தாள். "நான் திருப்பி அடிச்சு விடுறன், மாஸ்ரர். எனக்கு உது பழக்கம். பதினொரு தரம் அடிச்சிட்டன்."

"கையை எடும். நான் இன்னும் பார்த்து முடியேல்லை."

அவள் கையை எடுத்தாள். அந்த அவசரத்தை நான் பயம் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரம்தான் மீனாம்பிகை உள்ளே வந்தார். பரமலிங்கத்தின் மனைவி. விடியமுன் தொண்டைமானாற்றிலிருந்து புறப்பட்டு, பாதி வழி பஸ்ஸிலும் மீதி வழி நடந்தும் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். நெற்றியில் ஒன்றும் இல்லை. கழுத்தில் தாலி இருந்தது.

"ஐயா, வெள்ளிக்கிழமை அவருக்கு முப்பத்தோராம் நாள்," என்றார். "உடம்பு இல்லாததாலை தர்ப்பையிலை ஆள் செய்துதான் அந்தியேட்டிக் கிரியை செய்யோணுமாம். ஐயர் ஒரு கடுதாசி கேக்கிறார். அவர் செத்தது உண்மை எண்டு எழுத்திலை இருந்தால்தான் செய்வாராம். இண்டைக்குத் தருவியளோ?"

"மெஷின் சரிவந்த உடனை குணலட்சுமி அடிச்சுத் தருவா. இருங்கோ பிள்ளை," என்றார் ஐயா.

மீனாம்பிகை கதிரையின் நுனியில் இருந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். "உடம்பைக் காணாமல் தாலியைக் கழட்ட மாட்டன் எண்டு நிண்டனான். மாமியாக்கள் விடுகினமில்லை. வெள்ளிக்கிழமை ஐயருக்கு முன்னாலை கழட்டிப் போடு எண்டினம். கடுதாசி வந்தால் கழட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

குணலட்சுமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலையைத் தொடர்ந்தேன்.

இப்படிப்பட்ட கோளாறுக்கு ஒரே வழிதான் உண்டு. இரண்டு பேர் சண்டை பிடித்தால் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரைப் பார்க்கவேண்டும். டிஸ்கில் இருந்ததையெல்லாம் முதலில் ஒரு பிளொப்பியில் பிரதி எடுத்துக்கொண்டேன். பிறகு தமிழ்ப் புரோகிராமை நிறுத்திவிட்டுக் காவலாளை மட்டும் ஓடவிட்டேன். அவன் நிமிடத்துக்கு நிமிடம் ஒழுங்காகப் பிரதி எடுத்தான். காவலாளை நிறுத்திவிட்டுத் தமிழை மட்டும் ஓடவிட்டேன். எழுத்து அழகாக வந்தது, ஒரு தொல்லையும் இல்லை. பிளொப்பியில் இருந்ததைத் திருப்பி வைத்து இரண்டையும் சேர்த்து ஓடவிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கொம்பியூட்டருக்குள் விநாடிக்குப் பதினெட்டுத் தடவை ஒரு துடிப்பு உண்டு. பின்னால் கிடந்து வேலை செய்கிற புரோகிராம்கள் அந்தத் துடிப்பைப் பிடித்துத்தான் விழித்திருக்கும். பிந்தி வந்தவன் துடிப்பை வாங்கி, தன் வேலையை முடித்து, முந்தி வந்தவனுக்குக் கொடுக்கவேண்டும். அதுதான் மரியாதை. கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் புரோகிராம் அந்த மரியாதை தெரியாதது. துடிப்பை வாங்கித் தானே வைத்துக்கொண்டது.

அதனால் என் காவலாள் காலையில் எழும்புவான், நேற்றுக் கரண்ட் திடீரென்று நின்றதா என்று பார்ப்பான், நின்றிருந்தால் தன்னிடமுள்ள பிரதியைத் திருப்பி வைப்பான். அடுத்த நிமிடமே தமிழ் வந்து அவனை உறங்க வைத்துவிடும். புதிய பிரதி எடுக்க அவனுக்கு வழியில்லை. தமிழ் வந்த அன்று கடைசியாக எடுத்த ஒரே பிரதியைத்தான் மூன்று கிழமையாகத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிளொப்பியிலிருந்த அந்தப் பிரதியின் திகதியைப் பார்த்தேன். பங்குனி பத்து.

"ஐயா, பத்தாம் திகதி இஞ்சை என்ன நடந்தது?"

"பத்தோ? அண்டைக்குத்தான் மருமோன் தமிழ் போட்டவன். காலமை அக்கரைக் கடிதம் வந்தது. நாப்பத்தோராம் படகின்ரை ஒரு உடம்பு. பிள்ளை வாசிச்சு, உடனை ஏத்தினவ. அதுக்குப் பிறகு மருமோன் வந்தான். பேந்து எல்லாப் பக்கத்தையும் தமிழிலை மாத்தி அடிக்க ஒரு ரெண்டு நாள் போச்சு."

அப்போதுதான் அந்தப் பச்சை எழுத்துகளை நான் முதன்முதலாக வாசித்தேன். அதுவரை அவை எனக்குக் கோளாறாகத்தான் தெரிந்தன, பெயராகத் தெரியவில்லை. பரமலிங்கத்துக்கு நேரே 'எம்' இருந்தது. மார்க்கண்டுவுக்கு நேரே 'டி' இருந்தது.

என் காவலாளுக்குக் கற்பனை கிடையாது. கொடுத்ததைத்தான் வைத்திருப்பான், வைத்திருந்ததைத்தான் தருவான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குணலட்சுமி முதலில் அடித்தது இதைத்தான். பிறகு அடித்த தமிழ்ப் பக்கம் வேறு.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஜெனறேற்றருக்கு எண்ணெய் காணாது, ஒருக்கால் வாரும்," என்று சொல்லிப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஜெனறேற்றரின் இரைச்சலில் நாங்கள் கதைப்பது உள்ளே கேட்காது.

"கடிதத்திலை என்ன இருந்தது?"

அவள் மறைக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள். "வலக்கையிலை நடுவிரல் பாதி இல்லை எண்டு கிடந்தது. அண்ணைக்கு மரம் அரியிற மெஷினிலை போன விரல். ஐயாவுக்குக் கடிதத்தை வாசிக்கேக்கை அந்த வரியை மட்டும் விட்டிட்டன்."

"டி எண்டு அடிச்சிருக்கிறீரே."

"அது ஒரு எழுத்துத்தானே, மாஸ்ரர். கை போட்டுது. பேந்து எல்லாத்தையும் தமிழிலை அடிக்கச் சொல்லிச்சினம். அண்ணையின்ரை பேரை அடிச்சிட்டு, பக்கத்திலை அந்தச் சொல்லை அடிக்க எனக்கு ஏலாமல் போச்சு. அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு கோப்பை சோறு போட்டு மூடி வைக்கிறா. நான் எப்பிடி அடிக்கிறது? ஐயாவின்ரை கணக்குக்கு ஒரு ஆள் வேணும். ஆரிலையாவது போடத்தானே வேணும். படகுக்காரர்தானே, கடலிலை போனவர் உயிரோடையா இருக்கப்போறார் எண்டு..."

"உள்ளுக்கை இருக்கிற அந்த மனுசி தாலி கழட்டப் போறா."

"தெரியும்."

எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அதே நேரம், அந்தப் பச்சைப் பக்கத்துக்கு முன்னால் பதினொரு தடவை தனியே இருந்து, அண்ணனின் பெயருக்கு நேரே இருந்த அந்த ஒற்றை எழுத்தை அவள் அழித்ததையும் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி வந்து, நான் செத்துப்போனேன், ஒழுங்காக எழுது என்று கேட்டிருக்கிறான். எனக்குக் காரணம் தெரியும், அவளுக்குத் தெரியாதே. ஒரு மனுசி அதை எத்தனை நாளுக்குத் தாங்குவாள்?

"அண்ணை இனி வராமல் செய்துவிடுங்கோ, மாஸ்ரர்," என்றாள். "எனக்கு இனி ஏலாது."

நான் உள்ளே போனேன். கொம்பியூட்டர் எழும்பும்போது எது முதல், எது பிறகு என்று ஒரு சிறிய பட்டியல் இருக்கும். அதில் தமிழை முன்னுக்கும் காவலாளைப் பின்னுக்கும் மாற்றினேன். இரண்டு வரி. இப்போது துடிப்பு முதலில் காவலாளிடம் வரும், அவன் வேலையை முடித்துத் தமிழுக்குக் கொடுப்பான், இரண்டு பேரும் சண்டையில்லாமல் இருப்பார்கள். எழும்பச் செய்து பார்த்தேன். சரியாக இருந்தது. குணலட்சுமி வந்து உட்கார்ந்து, பன்னிரண்டாவது தடவையாக நாற்பத்தோராம் படகைத் தமிழில் அடித்தாள். பரமலிங்கம், இறந்தவர். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கவேண்டும், திறக்கவில்லை. கோளாறு திருத்த வந்தவன், திருத்தியாயிற்று, போகலாம் என்று கோழைத்தனமாக நினைத்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"கடுதாசியை அடியும், பிள்ளை," என்றார் மரியரட்ணம் ஐயா.

அவள் கடுதாசியை அடிக்கத் தொடங்கமுதல் ஐயா தலையைத் தூக்கினார். கண் போனவருக்குக் காது கூர்மை. "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்றார். நான் ஓடிப்போய் ஜெனறேற்றரை நிறுத்தினேன். எங்கள் இரைச்சல் அடங்கியதும் மேலே இருந்தது தெளிவாகக் கேட்டது. ஐயாவைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேரும் முற்றத்துப் பங்கருக்குள் இறங்கினோம்.

பனங்குற்றியும் மண்மூட்டையும் போட்டு மூடிய சின்னப் பதுங்குகுழி அது. ஐயா செபமாலை சொல்லத் தொடங்கினார். குணலட்சுமி பல்லுக் கிட்டி நடுங்கினாள். மீனாம்பிகை அவளைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பயப்பிடாதையும், பிள்ளை. உம்முடைய அண்ணையும் அதே படகாம், ஐயா இப்ப சொன்னவர். உமக்கு ஒண்டு சொல்லட்டோ? என்ரை மனுசன் ஆக்களை விட்டிட்டுத் தான் நீந்துற ஆள் இல்லை. சங்கக்கடைச் சுவரிலை அவற்றை பேரை வாசிச்ச அண்டைக்கு நான் மண்ணிலை விழுந்து குழறினனான். பேந்து எழும்பி மற்றப் பேருகளைப் பார்த்தன். ஆறு பேரிலை ஒருத்தரும் செத்ததாய் இல்லை. அப்ப அவர் எல்லாரையும் எங்கையோ கரையிலை விட்டிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்கு இருக்கிற ஆறுதல் உது ஒண்டுதான். உம்முடைய அண்ணை வருவார், பாரும். வந்தால் ஒருக்கால் எங்கடை வீட்டுப் பக்கம் அனுப்பிவிடும். அவர் கடைசியா என்ன கதைச்சவர் எண்டு கேக்கோணும்."

 எங்கோ தூரத்தில் இரண்டு குண்டு விழுந்தது. மண் கொஞ்சம் உதிர்ந்தது. பிறகு சத்தம் தேய்ந்து போயிற்று.

வெளியே வந்து ஜெனறேற்றரைத் தொடக்கினேன். கொம்பியூட்டரைப் போட்டுவிட்டுக் குணலட்சுமி அதற்கு முன்னால் நின்றாள். நாற்பத்தோராம் படகைத் திறந்தாள். கரண்ட் திடீரென்று நின்றிருந்தது, பொம்பர் வந்திருந்தது, எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் பக்கம் மாறவில்லை. அவள் அடித்து வைத்தபடியே, தமிழில், அசையாமல் இருந்தது.

அவள் இன்னும் காத்து நின்றாள். பக்கத்தை மூடித் திரும்பவும் திறந்தாள்.

"அண்ணை வரேல்லை, மாஸ்ரர்," என்றாள். குரல் உடைந்து போயிருந்தது.

"இனி வராது, தங்கச்சி," என்றேன். "அது ஆவி இல்லை. பத்தாம் திகதி நீர் அடிச்சதைத்தான் அது திருப்பித் திருப்பித் தந்துகொண்டிருந்தது. இனி நீர் என்ன அடிக்கிறீரோ அதுதான் நிக்கும். மாத்துறதெண்டால் நீர்தான் மாத்தோணும். வேறை ஒருத்தரும் வந்து மாத்தமாட்டினம்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். அவள் கடுதாசியை அடிக்கிறாள் என்று நினைத்து மீனாம்பிகை எழும்பி வந்து பின்னால் நின்றார். பரமலிங்கத்துக்கு நேரே இருந்த சொல் அழிந்தது. அந்த இடத்தில் 'காணாமற்போனவர்' என்று எழுத்து எழுத்தாக விழுந்தது. பிறகு மார்க்கண்டுவின் வரிக்குப் போனாள். அங்கே நெடுநேரம் விரல் கீபோர்ட்டின் மேல் நின்றது.  இ வந்தது. ற வந்தது. முழுச் சொல்லும் வந்து முடிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மீனாம்பிகைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். "உது என்ன, பிள்ளை?" என்றார்.

"கரையொதுங்கினது உங்கடை அவர் இல்லை, அக்கா. எங்கடை அண்ணை. எனக்கு அண்டைக்கே தெரியும். நான்தான் மாத்திப் போட்டனான்."

மரியரட்ணம் ஐயா செபமாலையைக் கையில் வைத்தபடி "என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று எழும்பினார்.  மீனாம்பிகையின் கை தாலிக்குப் போய் அதைப் பொத்திப் பிடித்தது. அடிக்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"பதினெட்டு நாள்," என்றார். "என்ரை பிள்ளையளுக்கு அப்பா இல்லை எண்டு சொல்லிக் குடுத்துக்கொண்டிருந்தனான். ராவிலை அவர் வாற மாதிரிக் கனவு கண்டால் எழும்பியிருந்து என்னை நானே ஏசினனான். பதினெட்டு நாள்."

"அக்கா..."

"கதையாதையும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். முற்றத்தில் இறங்கி, படலை வரை நடந்துவிட்டார். அங்கே நின்றார். அவருடைய முதுகைத்தான் எங்களால் பார்க்க முடிந்தது. கணவன் உயிரோடு இருக்கலாம் என்ற நினைப்பும், இனி எத்தனை வருடம் காத்திருப்பது என்ற நினைப்பும் அந்த முதுகுக்குள் என்ன பாடுபட்டிருக்குமோ, எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடி குணலட்சுமியைப் பார்த்தார்.

"உம்முடைய அண்ணைக்கும் அதே நாள்தானே," என்றார். "வெள்ளிக்கிழமை விடிய ஐயர் வாறார். தர்ப்பை, எள்ளு, பச்சையரிசி எல்லாம் வாங்கிக் கிடக்கு. எனக்கு இனி அது தேவையில்லை. ஐயரை உங்கடை வீட்டை வரச்சொல்லட்டோ?"

குணலட்சுமி எழும்பி நின்றாள். அந்த மூன்று கிழமையும் அவள் தன் அண்ணனுக்கு அழவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உயிரோடு இருக்கிறான் என்று தானே எழுதி வைத்தவனுக்கு எப்படி அழுவது?

"ஓம், அக்கா," என்றாள். "எங்கடை வீட்டை வரச்சொல்லுங்கோ."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.